இருநூற்று ஐம்பத்து மூன்று பேரைத் தேடியவர்

தலைமை தாங்கும் ஸாலிஹ் ஹாஜியார் அவர்களே, செபம் சொல்லி ஆரம்பித்து வைத்த அருட்தந்தை ரெனால்ட் அவர்களே, மெல்பேணிலிருந்து வந்து சேர்ந்திருக்கும் அமரரின் மகன் ஷெல்டன் அண்ணா அவர்களே, கதிரை போதாமல் வாசலிலும் வெளியே கழிவுநீர்க் கானோரத்திலும் நிற்கும் எண்பத்தாறாம் தோட்டத்து அயலவர்களே! உங்கள் எல்லோர் துயரத்திலும் பங்குகொள்ளும் ஒருத்தியாக நின்று வணக்கம் சொல்கிறேன்.

எனக்கு முன்னால் இரண்டு பெரியவர்கள் பேசினார்கள். மூன்றாவதாக ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையை ஏன் கூப்பிட்டார்கள் என்று சிலர் யோசிக்கலாம். என் பெயர் ரொஷேல். 86/73 இல் இருக்கும் மெல்ரோய், நிஷாந்தி ஆகியோரின் மூத்த மகள். அமரர் திருமதி மரியகொறற்றி வலன்ரைன் அவர்கள் வட்டார எல்லைகளை வகுக்கும் குழுவுக்கு எழுதிய ஆட்சேபனையைத் திருத்தமாகப் பிரதி பண்ணிக் கொடுத்தவள் நான்தான். அந்தக் காரணத்தால்தான் இங்கே நிற்கிறேன். தாள் இல்லாமல் பேச எனக்கு வராது. எழுதி வைத்ததை வாசிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரியகொறற்றி அன்ரி யார்? துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். எத்தனையோ தேர்தல்களில் வாக்குச்சாவடியில் கடமை செய்தவர். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தோட்டத்துச் சங்கத்தின் செயலாளர். கொட்டாஞ்சேனையில் இப்படி எத்தனையோ தோட்டங்கள் இருக்கின்றன. தெருவிலே ஒரு வாசல், உள்ளே நூற்றுக்கணக்கான வீடுகள், எல்லா வீட்டுக்கும் ஒரே இலக்கத்துக்குப் பின்னால் ஒரு சாய்கோடு. அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்று முழுதாகத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார் என்றால் அது அன்ரிதான்.

அவர் இனிமையானவர் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சின்னப் பிள்ளைகள் பந்து அவர் வீட்டுப் பக்கம் போனால் பந்தை விட்டுவிடுவார்கள். சங்கக் கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் அவர் கூட்டத்தை நிறுத்திவிட்டு, பிந்தி வந்தவர் உட்காரும் வரை அவரையே பார்த்துக்கொண்டிருப்பார். ஸாலிஹ் ஹாஜியாரே இரண்டு தரம் அந்தப் பார்வைக்கு ஆளாகியிருக்கிறார்.

பெப்ரவரி மாதத்தில்தான் அந்த வரைபடம் வந்தது. உள்ளூராட்சி வட்டாரங்களை மறுபடியும் பிரிக்கும் வரைவு. அதுவரை எங்கள் வட்டாரத்துக்கு மாநகர சபையில் இரண்டு உறுப்பினர்கள். ஒருவர் தமிழர், மற்றவர் முஸ்லிம் என்று பெரும்பாலும் வந்தது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இங்கே இருக்கும் ஆட்களின் தொகை அப்படி. புதிய வரைபடத்தில் எங்கள் தோட்டத்தின் நடுவாலே ஒரு கோடு போகிறது. கிழக்குப் பக்கத்து வீடுகள் ஒரு வட்டாரம், மேற்குப் பக்கத்து வீடுகள் இன்னொரு வட்டாரம். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் உறுப்பினர். இரண்டிலும் நாங்கள் ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னத் துண்டு.

அந்தக் கோடு எதன் மேலே போகிறது தெரியுமா? இதோ, வெளியே நீங்கள் நிற்கிறீர்களே, அந்தக் கானின் மேலே. மழை பெய்தால் எங்கள் எல்லோருடைய வீட்டுக்குள்ளும் வருகிற அதே கான். சங்கக் கூட்டத்தில் வரைபடத்தை விரித்து வைத்து அன்ரி ஒரே கேள்விதான் கேட்டார்.

"கானைக் கோடாக வைச்சா, கானைத் துப்பரவாக்குறது எந்தப் பக்கத்து மெம்பர்?"

போன வருடம் வெள்ளம் வந்தபோது இரண்டு உறுப்பினர்களையும் ஒரே நாளில் இந்த வாசலுக்குக் கொண்டுவந்தோமே, இனி அது நடக்குமா? ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். மற்றவர் இவரைக் கைகாட்டுவார். நடுவில் தண்ணீர் ஏறும்.

கூட்டத்தில் எல்லோரும் குழுவைத் திட்டினார்கள். அன்ரி திட்டவில்லை. வரைபடத்தோடு வந்த அட்டவணையைப் பார்த்தபடி இருந்தார். அதில் எங்கள் தோட்டத்து வாக்காளர் தொகை முந்நூற்று எண்பத்தெட்டு என்று இருந்தது. அது எப்படி, என்றார். இந்தத் தோட்டத்தில் அதைவிட அதிகம் பேர் ஒரு காலையில் குழாயடியில் நிற்கிறார்களே என்றார்.

அடுத்த நாளே ஒரு அப்பியாசக் கொப்பியோடு வீடு வீடாக இறங்கினார். முழங்கால் வலியோடு பதினொரு நாள் நடந்தார். முதல் நாள் அவரைத் தூரத்தில் கண்டதும் டெங்கு பரிசோதனை என்று நினைத்து மேற்குப் பக்கத்தில் எல்லோரும் பூச்சாடித் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். அது வேறு கதை. பதினோராம் நாள் அவருடைய கணக்கு, பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் அறுநூற்று நாற்பத்தொரு பேர். வாக்காளர் இடாப்பில் இருப்பவர்கள் முந்நூற்று எண்பத்தெட்டு பேர். மிச்சம் இருநூற்று ஐம்பத்து மூன்று பேர் எங்கே?

அந்த இருநூற்று ஐம்பத்து மூன்று பேர் எங்கே? செத்துப்போனார்களா? வெளிநாடு போனார்களா? யாராவது அழித்துவிட்டார்களா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த வீடுகள் இந்த மண்டபத்தில் பாதிக்கு மேல் இருக்கின்றன. யாரும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன். யாரையும் நோகச் செய்ய அல்ல.

முதலில் சொன்னவர், அண்ணன் தெமட்டகொடையில் இருக்கும் ஜவாஹிறா மாமி. கொப்பியைக் கண்டதும் அவர் அன்ரியை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாராம்: "எங்கட பேரெல்லாம் தெமட்டகொடயில ஈக்குது, கொறற்றி அக்கா. மகள்ட ஸ்கூலுக்காக நாநாட அட்ரஸ்ல போட்ட. இந்தத் தோட்டத்துல நாங்க மட்டும்தான் இப்பிடிச் செஞ்ச எண்டு நெனச்சுப் பயந்து ஈந்த."

நாங்கள் மட்டும்தான் என்று ஒவ்வொரு வீடும் நினைத்தது! நல்ல பாடசாலையில் பிள்ளையைத் தரம் ஒன்றில் சேர்க்க வேண்டுமானால், அந்தப் பாடசாலைக்குக் கிட்ட வருடக்கணக்காக வாக்காளராக இருந்திருக்க வேண்டும். அதனால் சிலர் வெள்ளவத்தையில் இருக்கும் மச்சாளின் வீட்டில் பெயரைப் போட்டோம். சிலர் மருதானையில். சிலர் ஹெந்தளையில். பிள்ளை சேர்ந்த பிறகும், அடுத்த பிள்ளைக்கு உதவும் என்று பெயரை அங்கேயே விட்டோம். பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டோம். பக்கத்து வீடும் எங்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டது. குழு எங்களை ஏமாற்றியதா? இடாப்பில் இருந்ததைத்தான் எண்ணினார்கள். எங்களைக் குறைத்துக் கொடுத்தது யார்? நாங்கள்தான்.

இதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பிழையால்தான் நான் இன்று உங்கள் முன்னால் ஒரு தாளைத் தடுமாறாமல் வாசிக்கிறேன். என் அப்பா அம்மாவின் பெயர்கள் பதினேழு வருடமாக வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் இருக்கின்றன. அந்த வீட்டில் நாங்கள் ஒரு நாளும் தூங்கியதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் தங்கை றஷ்மிக்கு நாலு வயது. அடுத்த வருடம் விண்ணப்பம் போட வேண்டும்.

அன்ரி எங்கள் வீட்டுக்கு ஏழாம் நாள் வந்தார். அப்பா அரைப் பகிடியாகக் கேட்டார்: "ஆள் எண்ணுறீங்களோ அன்ரி, இல்லாட்டி எங்களப் பிடிச்சுக் குடுக்கப் போறீங்களோ?"

"பிடிச்சுக் குடுக்கிறதெண்டா முதல்ல என்னையெல்லோ குடுக்கோணும், மெல்ரோய்," என்றார் அன்ரி.

ஷெல்டன் அண்ணா, இதைச் சொல்லலாமா என்று நேற்று உங்களிடம் கேட்டேன். நீங்கள் தலையாட்டினீர்கள். ஷெல்டன் அண்ணாவைப் பாடசாலையில் சேர்ப்பதற்காக அன்ரியும் தன் பெயரை ஆறு வருடம் வெள்ளவத்தையில் வைத்திருந்தார். தேர்தல் நாட்களில் மற்றவர்களின் பெயரை இடாப்பில் சரிபார்த்த கை அது. அதை அவரே எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு சொன்னார்.

அப்போது அப்பா பகிடியை விட்டுவிட்டார். "நீங்க ஷெல்டனுக்கு எடுத்திட்டீங்கள். இப்ப எங்கட றஷ்மிக்கு எடுக்க வேணாமெண்டு சொல்றீங்கள்."

அம்மா தேத்தண்ணியை மேசையில் வைத்தார். அன்ரி கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்: "ஓம். அப்பிடித்தான் சொல்றன். கேட்க எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு."

அவர் நியாயம் பேசவில்லை. அப்பாவும் இணங்கவில்லை. 'நான் எண்பத்தாறாம் தோட்டத்தில்தான் வசிக்கிறேன், என் பெயரை இங்கே மாற்ற விண்ணப்பிக்கிறேன்' என்ற படிவத்தில் எங்கள் வீட்டுக்குரிய வரிகள் வெறுமையாகவே இருந்தன. அன்ரி தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைத் தானே கொண்டுபோய் வைத்துவிட்டு, என் மேசையிலிருந்த குறிப்புக் கொப்பியை எடுத்துப் பார்த்தார். எழுத்து நல்லா இருக்கு, நாளைக்கு வந்து ஆட்சேபனையைப் பிரதி பண்ணித் தா என்று சொல்லிவிட்டுப் போனார். கையெழுத்துக் கிடைக்காத வீட்டிலிருந்து ஓர் எழுத்தரை எடுத்துக்கொண்டு போனார். துறைமுகத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

ஒன்பது பின்னேரங்கள் அவருடைய சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினேன். நான் ஆர்வத்தில் 'மாபெரும் அநீதி' என்று எழுதினால் அவர் வெட்டிவிடுவார். வாசிக்கிறவர் அழ வேண்டியதில்லை, எண்ண வேண்டும் என்பார். வெட்டின இடத்தில் வீட்டு இலக்கங்களை எழுதச் சொல்வார். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே வட்டாரம், பழையபடி இரண்டு உறுப்பினர்கள். அவ்வளவுதான் அவர் கேட்டது. ஆனால் அதைக் கேட்க எங்களுக்கு ஆள்தொகை வேண்டும். ஆட்கள் இருக்கிறார்கள், தொகை இல்லை.

இருநூற்று ஐம்பத்து மூன்று பேரில் தொண்ணூற்றேழு பேர் கையெழுத்து வைத்தார்கள். அவர்களுக்குத் தலை வணங்குகிறேன். அவர்களில் ஜவாஹிறா மாமியும் ஒருவர். மற்ற வீடுகளுக்கு அன்ரி இரண்டாம் தரமும் போனார். அவர் வருவதைக் கண்டு சிலர் கதவைச் சாத்தினோம். சிலர் வானொலியைக் கூட்டி வைத்தோம். தன் பிள்ளையைக் கரை சேர்த்துவிட்டு எங்கள் பிள்ளைகளின் வழியில் நிற்கிறார் என்று குழாயடியில் கதைத்தோம். 'வைத்தோம்', 'கதைத்தோம்' என்று தெரிந்துதான் எழுதினேன். எங்கள் வீட்டிலும் அது நடந்தது. இன்று அதே ஆட்கள் மாலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம்.

போன செவ்வாய்க்கிழமை, மேற்குப் பக்கத்தில் நாலாவது கதவும் திறக்காத பிறகு, ஜவாஹிறா மாமியின் படியில் சற்று இருந்துவிட்டுப் போகிறேன் என்று உட்கார்ந்தார். மாமி தண்ணீர் எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொப்பி மடியில் இருந்தது. அவரைக் கொன்றது நாங்கள்தான் என்று நான் சொல்லவில்லை. வைத்தியர் இருதயம் என்றார். ஆனால் அந்த நாலு கதவுகளும் திறந்திருந்தால் அவர் நாலு கதிரைகளில் சற்று உட்கார்ந்து களைப்பாறி எழும்பியிருப்பார். அதை நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. உங்களால் முடிகிறதா?

இப்படியான கூட்டங்களில் கடைசியாக ஒரு சபதம் எடுப்பது வழக்கம். அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று சொல்லி, ஒரு நிமிடம் எழுந்து நின்று, வீட்டுக்குப் போவோம். ஆட்சேபனை கொடுக்கக் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணி. இன்று ஞாயிறு. அதனால் பொதுவான சபதம் எதுவும் என்னிடம் இல்லை.

இன்று காலை அப்பாவிடம் கேட்டேன், எங்கள் வீட்டுக் கதையை மேடையில் சொல்லட்டுமா என்று. அப்பா சப்பாத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சொல்லு. மறைச்சு என்ன இனி. ஆனா நான் சைன் வைப்பனெண்டு மட்டும் சொல்லிப்போடாத." அப்பா, நான் சொல்லவில்லை. நீங்கள் வைப்பீர்களா என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது.

ஆனால் நான் ஒன்று செய்தேன். அதை இங்கேதான் முதலாவதாகச் சொல்கிறேன். தை மாதத்தில் எனக்குப் பதினெட்டு வயதாகிவிட்டது. அந்த இருநூற்று ஐம்பத்து மூன்று பேரில் நானும் ஒருத்தி. கூட்டத்துக்கு வர முன்னர், 86/73 என்ற வரியில் என் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தேன். அது தொண்ணூற்றெட்டாவது. மகள் இங்கே இருக்கிறாள் என்றால் தாய் தகப்பன் எங்கே என்று ஒரு நாள் யாராவது கேட்கலாம். றஷ்மிக்கு இடம் கிடைக்காமல் போகலாம். அது தெரிந்துதான் வைத்தேன். நான் செய்தது சரிதானா என்பது தெரியாது. அவள் வளர்ந்து என்னைக் கேட்டால், அன்ரி சொன்ன மாதிரி, எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டி வரும்.

மரியகொறற்றி அன்ரி ஆண்டவரில் இளைப்பாறட்டும். எங்களுக்கு இளைப்பாற வெள்ளிக்கிழமை வரை நேரமில்லை. இன்னும் நூற்று ஐம்பத்தைந்து வரிகள் வெறுமையாக இருக்கின்றன. இந்தக் கூட்டம் முடிந்ததும் அவருக்குச் சாத்திய கதவுகளை நான் தட்டத் தொடங்குவேன். முதலாவது, எங்கள் வீட்டுக் கதவு.