சிவாத்துன்னு வச்சுட்டுப் போனா

இல்லீங்கய்யா, எழுத்துப்பிழையெல்லாம் இல்ல. பொறப்புச் சீட்டுல சரியாத்தான் எழுதியிருக்கீங்க, சிவாத்துன்னு. அந்தப் பேரே வேணாங்கிறேன். ஸவாதின்னு மாத்திக் குடுங்க. பரிசுன்னு அர்த்தம், கூப்பிடவும் நல்லாருக்கும்.

நான் அத்தைக்காரி. புள்ளையோட அப்பன் என் தம்பி.

நீங்களும் இந்தக் கரையோரத்து ஆளுதானே, உங்களுக்குத் தெரியாததா? தாபு, ஷிதான்னு கஷ்டத்தையே பேரா வைக்கிறோம். பெத்தவ தான் பட்ட பாட்டைச் சொல்றா, யாருக்கும் கோவம் வராது. இது அப்படியா? சிவாத்துன்னா, அவங்க மனுசங்களே இல்லன்னு ஒரு பேரு. யாரை? எங்களை!

தம்பி பொண்டாட்டிக்கு என்னை வையணும்னா வசவு அச்சடிச்ச கங்காத் துணி ஒண்ணு வாங்கிக் கட்டிக்கிட்டு என் எதுக்க நடந்திருக்கலாம். எல்லாப் பொம்பளைங்களும் அதைத்தானே செய்யுறோம். துணின்னா நாலு தொவையல்ல வெளுத்துப்போகும். இவ புள்ளை மேல எழுதிட்டா. பாலுக்கு அழுதா நான்தானே அந்தப் பேரைச் சொல்லித் தூக்கணும். பக்கத்து வீட்டு மிஸே, யாரு அது மனுசங்க இல்லாதவங்கன்னு சிரிக்காமக் கேக்குறா.

தம்பியா? மாஃபியாத் தீவுல மீன்பிடிக்கப் போயிருந்தான். வந்தவன், அவ வச்ச பேரே இருக்கட்டும்னு இங்க வந்து பதிஞ்சுட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல.

ஆமா, அவளை எனக்குப் புடிக்காதுதான். தோட்டத்துல கத்தாழை வெட்டுனவன் மவ. எங்களுக்குப் படகு இருக்கு, பேரு இருக்கு. சொல்லிக்காட்டியிருக்கேன், இல்லேங்கல. எந்த வீட்டுல இல்ல?

பெத்தவ கைநாட்டா? அது முடியாதுங்களே.

விடியக்கால சுபுஹுத் தொழுகை நேரத்துக்கே அவளுக்கு வலி எடுத்துருச்சு. ஆத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னா. தலைச்சன் புள்ள, மெதுவாத்தான் வரும், நான் அஞ்சு பெத்தவ, எனக்குத் தெரியாதான்னேன். மத்தியான லுஹருக்கு மறுபடி கேட்டா. நான் மீன் கழுவிக்கிட்டு இருந்தேன். சாயங்கால அசருக்குப் புள்ள பொறந்துச்சு. ரத்தம் நிக்கல. மிஸே ஓடிவந்தப்ப புள்ளையை மூஞ்சிகிட்ட வச்சுக்கிட்டு அந்தப் பேரை ரெண்டு தடவை சொன்னா. அதோட மூச்சு நின்னுருச்சு. நான்தான் அவ உடம்பைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுத்துனேன்.

தோணியா? கெடைக்காமல்லாம் இல்லீங்கய்யா. எங்க வாசல்லதான் கட்டிக் கெடந்துச்சு. என் வீட்டுக்காரரு துடுப்பைக் கையில வச்சுக்கிட்டு, நான் சரின்னு சொல்லுவேனான்னு மத்தியானம் பூரா நின்னுக்கிட்டே இருந்தாரு.