பன்னிரண்டு நிமிடம் முந்திய கேமரா

என் பெயரும் விலாசமும் இந்த வாக்குமூலத்தின் முதல் வரியில் பதிவானபடி சரி. ஆனால் கடைத்தெருவில் பூட்டுக்காரர் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். வயது ஐம்பத்தெட்டு. சைக்கிள் கேரியரில் பூட்டும் கீலும் கட்டி வீடு வீடாக விற்றவன். இப்போது சொந்தக் கடையில் மொத்தமாகவும் சில்லறையாகவும் வியாபாரம் செய்கிறேன். விபத்துக்குள்ளான கார் என் பெயரில் உள்ளது. அன்று அதை ஓட்டியது என் ஒரே மகள், வயது இருபத்தாறு. அவள் நகரப் பேருந்து ஓட்டுநர் வேலைக்குத் தேர்வாகி வரும் ஒன்றாம் தேதி சேர வேண்டியவள். அவள் மேல் வழக்கு இருந்தால் சேர்க்க மாட்டார்கள்.

காரில் மாட்டியிருந்த கேமராக்களை வாங்கிய விவரம் கேட்டதால் சொல்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் நானும் என் மனைவியும் கார் சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரர் முன்பக்கம் ஒன்று போதும் என்றார். முன்னால் வருவது என் கண்ணுக்கே தெரியும், பின்னால் வருவதற்குத்தான் சாட்சி வேண்டும் என்று சொல்லி இரண்டு பக்கத்துக்கும் கேட்டேன். அதன் பிறகு, அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை நம்பாமல் மூன்று வகையையும் மாட்டிக் காட்டச் சொல்லி, மனைவியின் கையில் ஒரு பழைய நம்பர் பிளேட்டைக் கொடுத்து பத்தடி, இருபதடி, முப்பதடி என்று நிற்க வைத்து, பொழுது சாயும் வெளிச்சத்தில் எதில் நம்பர் படிக்க முடிகிறது என்று பார்த்தேன். "பூட்டு வாங்க வர்றவங்ககூட இப்படி இழுத்து இழுத்துப் பாக்க மாட்டாங்க" என்று அவள் சொன்னாள். பின் கண்ணாடியில் இருந்த கறுப்புத் தாள் படத்தை மங்கலாக்கியதால் அதை அங்கேயே உரிக்கச் சொன்னேன். அதன் பிறகு, செயற்கைக்கோள் மூலம் இடமும் நேரமும் தானாகப் பதியும் வகை ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். நான் எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியும் என்று சொல்லி அதை ஒதுக்கிவிட்டு, நேரத்தைக் கையால் வைக்கும் வகையை வாங்கினேன். என் கடைக்கு வந்து அங்குள்ள சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை வைத்தேன்.

சம்பவத்தன்று மாலை மகளிடமிருந்து போன் வந்து, இரண்டு தெரு தள்ளி இருக்கும் சிக்னலுக்கு ஓடினேன். எங்கள் காரின் பின்பக்கம் நசுங்கி, ஒரு சரக்கு வேனின் முகப்போடு ஒட்டி நின்றது. வேனில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவருக்கு முழங்காலில் அடி. வேன் ஓட்டுநர் என்னிடம், "பெரியவரே, பொண்ணு கையில ஸ்டியரிங்கக் குடுத்தா இப்படித்தான். ரிவர்ஸ்ல வந்து இடிச்சிருச்சு" என்றார். என் மகள், "அண்ணே, நான் பிரேக்ல கால வச்சு நின்னுக்கிட்டிருந்தேன். ரிவர்ஸ் லைட்டு எரிஞ்சுதா, சொல்லுங்க" என்று கேட்டாள். அவர் அடிபட்டவரைப் பார்க்கப் போய்விட்டார்.

அதன் பிறகு நான் அவளைத் தனியே அழைத்து, ஓட்டியது நான்தான் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். இதை மறைக்க விரும்பவில்லை. அவள், "அப்பா, பஸ்ல அறுபது பேரு என்னைய நம்பி ஏறுவாங்க. முதல் நாளே பொய்யோட சீட்ல போய் உக்காரச் சொல்றீங்களா?" என்றாள். அதற்குள் வந்துவிட்ட போலீஸ் அதிகாரியிடம் அவளே உரிமத்தை நீட்டி, தான் ஓட்டியதாகச் சொன்னாள். அவர் கேமராக்களையும் மெமரி கார்டையும் எங்கள் கண் முன்பே கவரில் போட்டு ஒட்டினார்.

மூன்றாம் நாள் காவல் நிலையத்தில் இரு தரப்பையும் வைத்துப் படத்தைப் போட்டார்கள். பின்பக்கப் படத்தில் வேன் பெரிதாகிக்கொண்டே வந்தது. அதை மட்டும் பார்த்தால் வேன் வந்ததா, கார் போனதா என்று வாதாடலாம். முன்பக்கப் படத்தில், நடந்து கடப்பவர்களுக்கான வெள்ளைக் கோடு மோதல் நடக்கும்வரை ஒரு விரல்கூட நகரவில்லை. ஆனால் படத்தில் மணி ஐந்து ஐம்பத்திரண்டு. ஆம்புலன்சுக்குப் போன் போனது ஐந்து நாற்பத்தொன்றுக்கு. எனவே இது வேறு நேரத்துப் படம் என்று வேன் முதலாளி ஆட்சேபித்தார்.

அதற்கு என் விளக்கம்: கடை திறந்த நாள் முதல் என் சுவர்க் கடிகாரத்தைப் பன்னிரண்டு நிமிடம் முந்தி வைத்திருக்கிறேன். கடையில் வேலை செய்யும் ஆட்கள் நேரத்துக்கு வரவேண்டும் என்று செய்த ஏற்பாடு. அவர்கள் பன்னிரண்டைக் கழித்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்று என் மனைவி பல தடவை சொல்லியிருக்கிறாள். கேமராவில் நேரம் வைத்த அன்று நான் கழிக்க மறந்தேன். அதன் பிறகு அதிகாரி கவரில் இருந்த கேமராவை எடுத்து, அதையும் என் கடைக் கடிகாரத்தையும் நிலையத்து நேரத்தோடு ஒப்பிட்டார். இரண்டும் பன்னிரண்டு நிமிடம் முந்தியிருந்தன. வேன் ஓட்டுநர் அதன் பிறகு, போனைப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒத்துக்கொண்டார்.

எட்டு மாதம் முன்பு பின்பக்கத்துக்கும் ஒன்று கேட்டு வாங்கியதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் படம் போடும் முன்பே என் மகள் சொன்னதற்கும் படத்தில் இருந்ததற்கும் ஒரு சொல்கூட வித்தியாசம் இல்லை என்பதையும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

இதை எழுதியபின் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். காரை ஓட்டியவர் என்ற இடத்தில் 'பூட்டுக்கடைக்காரரின் மகள்' என்று இருந்தது. அதை அடித்துவிட்டு 'பேருந்து ஓட்டுநர்' என்று எழுதச் சொன்னேன். இன்னும் சேரவில்லையே என்றார் எழுத்தர். 'ஒன்றாம் தேதி முதல்' என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதல்ல. திருத்தத்தின் பக்கத்தில் ஒன்றும், கீழே ஒன்றுமாக இரண்டு கையொப்பம் இட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)