ஒரே இனிஷியல்

...இல்லீங்க, நீங்களே சொல்லுங்க. செத்தவங்க எலும்பைத் தோண்டுறவரு ஒருத்தரு, உசுரோட இருக்கறவங்க வாயைத் தோண்டுறவரு இன்னொருத்தரு, நடுவுல மாட்டிக்கிட்டா ஒரு பொம்பளை என்னதான் பண்ணுவா? எங்கண்ணன் தொல்லியல், வீட்டுக்காரர் மானிடவியல். ஒரே காலேஜ், ஒரே மாடி, எதிரெதிர் ரூமு. பேச்சு மட்டும் கெடையாது. ஏதோ ஒரு மீட்டிங்ல அண்ணன், "மாப்பிள்ளை பண்றது ஆராய்ச்சியில்ல, ஊர்வம்பு"ன்னுட்டாரு. இவரு சும்மா இருப்பாரா? "மச்சான் குப்பையைக் கிளறுற கோழி"ன்னுட்டாரு. அவ்வளவுதான்! வருஷக்கணக்கா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் திரிஞ்சாங்க.

நான் அங்கதான் லைப்ரரியன். சும்மா இருந்திருக்கலாம்ல? எங்க வட்டாரத்தைப் பத்தி, பழைய புதைகுழியோ, இப்ப இருக்கற ஜனங்களோ, யாரு என்ன எழுதியிருந்தாலும் ஒரே எடத்துல தேடிக்கற மாதிரி கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்னேன். டேட்டாபேஸு. ஆராய்ச்சிக்காகன்னா நெனைக்கறீங்க? இந்த ரெண்டையும் ஒரு மேஜையில உக்கார வைக்கத்தான்!

உக்காந்தாங்க. உக்காந்து... ஒரு பானைங்க, வெறும் பானை! அதைப் பத்தின கட்டுரையை எதுல சேக்கறது? அண்ணன் "தொல்பொருள்"ங்கறாரு. இவரு, "அந்த மாதிரிப் பானையில இன்னும் தண்ணி குடிக்கறாங்க, அதெப்படி தொல்பொருளாவும்?"ங்கறாரு. ஒரு பானைக்கு ஒரு மத்தியானம் போச்சு எனக்கு.

இதுல பேரு தொல்லை வேற. புள்ளி வச்ச இனிஷியலு, புள்ளி வைக்காத இனிஷியலுன்னு ஒரே ஆளு நாலு ஆளா நிக்கறாரு. "ஒரே மாதிரி பேரையெல்லாம் சேத்துடவா?"ன்னு கம்ப்யூட்டர் கேட்டுச்சு. சேத்துடுன்னு அமுக்கிட்டாங்க. யாரா? நான்தான். விடுங்க அதை.

விஷயம் என்னன்னா, கல்யாணத்துக்கு முன்னாடி நானும் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். பேரைக்கூட முழுசாப் போடலை அந்தப் பத்திரிகைக்காரன். ரெண்டே எழுத்து. அப்பா எழுத்து, என் எழுத்து. எங்கப்பாவோ எனக்கும் அண்ணனுக்கும் ஒரே எழுத்துல பேரு வச்ச புண்ணியவான்! என்னுது போயி அண்ணன் பேருல ஒட்டிக்கிச்சு.

புதைகுழிப் பானையில ஒரு கீறல் இருக்கும். அதே கீறலை, அந்தப் பக்கம் பானை செய்யற பொம்பளைங்க இன்னிக்கும் போடறாங்க. அவங்ககூட மண்ணு மிதிச்சு, கேட்டுக் கேட்டு எழுதினது. அதை இவரு படிச்சாரு. படிச்சுட்டு எதிர் ரூமுக் கதவைத் தட்டினாருங்க! "மச்சான், பானையோட நிக்காம, செஞ்ச கையையும் பாத்திருக்கீங்க. உங்களைத் தப்பா நெனச்சுட்டேன்."

அண்ணன் என்ன சொல்லணும்? "நான் எழுதலையே"ன்னு சொல்லணுமா இல்லையா? "ஏதோ... அப்போ தோணுச்சு மாப்பிள்ளை"ங்கறாரு!

நான் வாயைத் தொறக்கலை. பேசிக்கறாங்களே, போதும்னுட்டேன். அண்ணி சந்தோஷத்துல அழுதுட்டாங்க, பாவம். அதுக்கப்பறம் தெனம் எங்க வீட்டு ஹால்லதான் ரெண்டும். மச்சான்ங்கறதென்ன, மாப்பிள்ளைங்கறதென்ன... காபி போட்டே என் கை தேஞ்சுது. அதையும் பொறுத்துக்கிட்டேங்க. ஒருநாள் அண்ணன் என்னை உக்கார வச்சு, அந்தக் கீறலுக்கு என்ன அர்த்தம்னு எனக்கே வெளக்கறாரு. அதுவும் தப்பா!

அங்கதான் சொல்லிட்டேன். "அது நான் எழுதினது."

வீட்டுக்காரர் கேக்கறாரு, "ஆதாரம்?" இவரு கேக்கறாரா... அண்ணன் ஒடனே, "அதானே, மாப்பிள்ளை கேக்கறது நியாயம்தானே?" படிச்சுப் படிச்சு, தானே எழுதின ஞாபகமே வந்துடுச்சு போல அந்த மனுஷனுக்கு! இத்தனை வருஷமா ஒரு பானையில ஒத்துப்போகாத ஆளுங்க, என்னைச் சந்தேகப்படறதுல என்னா ஒத்துமை!

கத்தலைங்க நான். டம்ளரைக் கீழ வச்சேன், உள்ள போனேன், பையைத் தூக்கினேன். பானை செய்யறவங்க ஊருக்குத்தான் போறேன். ஒரு கேள்வியப் பாதியில விட்டிருந்தேன், கல்யாணம் குறுக்க வந்துடுச்சு. அதைக் கேட்டு எழுதணும். இந்தத் தடவை அப்பா எழுத்தும் கெடையாது, புருஷன் எழுத்தும் கெடையாது. என் பேரு, முழுசா. எவன் அதை யார்கூட சேக்கறான்னு பாப்போம்!

என்னங்க, எந்திரிச்சுட்டீங்க? ஸ்டாப்பு இன்னும் வரலையே... ஓ, பின்னாடி சீட்டுக்கா? போங்க, போங்க. நல்லாக் காத்து வரும். நான் கொஞ்சம் சத்தமாவே சொல்றேன்.