தலைமையாசிரியர் நாற்காலிக்கு ஆள் தேவை

...டார்ச்சை இன்னும் கொஞ்சம் கீழ காட்டுங்க ஃபேர்லி சார். ஆங்... அங்கதான். ஆடாம பிடிங்க. நாலு நாளா இந்த பாய்லர் என் உயிரை எடுக்குது. வெளிய மைனஸ் இருபத்தெட்டு. மேல முன்னூறு பிள்ளைங்க கோட்டைக் கழட்டாம உக்காந்து கணக்குப் போடுதுங்க. தலைமையாசிரியர் நான், இங்க முட்டி போட்டுக்கிட்டு பைப்பைத் திருகுறேன். இன்டர்வியூவுக்கு வந்த மனுஷனை பாய்லர் ரூமுக்குள்ள இழுத்துட்டு வந்துட்டாளேன்னு நினைக்காதீங்க. நாளைக்கு என் நாற்காலியில உக்காரப் போறவரு நீங்க. எல்லாத்தையும் கண்ணால பாத்துடணும்ல?

முன்னல்லாம் இப்படியா? பாய்லர் நின்னுச்சா, பள்ளி வாரியத்துக்கு ஒரு போன். ரெண்டு பேரு வேன்ல வந்து இறங்குவாங்க, முடிஞ்சுது. இப்பதான் சுயாட்சி வந்துடுச்சே! உங்க பள்ளிக்கூடம், உங்க முடிவுன்னுட்டாங்க. காலையில வாரியத்துக்குப் போன் பண்றேன், அந்தப் பொண்ணு தேனா பேசுது... "மேடம், அது உங்க அதிகாரத்துக்குள்ள வர்ற விஷயம்"ங்குது. அதிகாரமாம்! இந்த அதிகாரத்தை வச்சு ஒரு ஸ்க்ரூவைத் திருக முடியல சார். நாங்களே தேடிப் பிடிச்ச மெக்கானிக் இருக்கான், எட்மன்டன்ல. வியாழக்கிழமை வரேங்கறான். எந்த வியாழக்கிழமைன்னு சொல்ல மாட்டேங்கறான்.

என்ன கேட்டீங்க? பாடம் நடத்துறேனா? அய்யோ, வகுப்புக்குள்ள போய் ரெண்டு வருஷமாச்சு. பின்னக் கணக்கு நான் சொல்லிக் குடுத்தா கடைசி பெஞ்சு கூட கை தூக்கும் தெரியுமா? இப்ப நான் கை தூக்கறது கூட்டத்துல ஓட்டுப் போட மட்டும்தான். இந்த விளையாட்டு நேரத்தையே எடுத்துக்கோங்க. எத்தனை குளிர்னா பிள்ளைங்களை வெளிய விடக்கூடாது? முன்ன வாரியம் ஒரு நம்பர் சொல்லும், அத்தோட சரி. இப்ப நாமளே முடிவு பண்ணலாம்னாங்களா... பண்ணோம். பெத்தவங்களைக் கூப்பிட்டு ஓட்டெடுத்தோம். பாதிப் பேரு மைனஸ் பதினெட்டுன்னாங்க. பண்ணைக்காரங்க மைனஸ் முப்பதுன்னாங்க, அவங்க பிள்ளைங்க அந்தக் குளிர்ல மாட்டுக்குத் தீனி வைக்கிறவங்களாம்! மூணு கூட்டம் சார். கடைசியில மைனஸ் இருபத்தி நாலரைன்னு தீர்மானம் போட்டோம். அந்த அரை டிகிரியைப் பாக்கறதுக்கு நான் தினம் காலையில தெர்மாமீட்டரும் கையுமா வாசல்ல நிக்கிறேன்.

ஸ்பேனர்... அது இல்ல, பெருசு. ம்ம்.

அப்புறம் பிள்ளை பிடிக்கிற வேலை. சிரிக்காதீங்க! யாரு எந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேணும்னாலும் போகலாம்னு ஆயிப்போச்சு. அந்தப் பக்கத்து ஊரு பள்ளிக்கூடம் ஐஸ் ஹாக்கி வகுப்பு ஆரம்பிச்சு நம்ம பிள்ளைங்க இருபது பேரை அள்ளிட்டுப் போயிடுச்சு. நான் என்ன பண்ணேன்? பீவர்ங்கற ஆத்து மிருகம் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு மால் வாசல்ல நோட்டீஸ் குடுத்தேன். அம்பத்தொன்பது வயசுல! வாலு இவ்வளவு நீளம். ஒரு குழந்தை அதைப் பிடிச்சுத் தொங்குது, அது அம்மா போட்டோ எடுக்குது. அந்த வேஷம் உங்களுக்கும் சரியா இருக்கும், அளவு பாத்துடலாம்.

ஏன் போகணும்னு நிக்கிறேன்னா... எங்க வீட்டுக்காரர் வாஸில், ரிட்டயர் ஆகி ஏரிக்கரையில வீடு வாங்கிட்டுப் போயிட்டாரு. ரெண்டு வருஷமா தனியா இருக்காரு. வேகாத பெரோகிக் கொழுக்கட்டையைத் தானே செஞ்சு தானே தின்னுட்டு இருக்காரு, பாவம். போன ஞாயித்துக்கிழமை போன்ல சொல்லிட்டாரு: "ஓரிஸ்யா, இந்த ஜூன்ல வரலன்னா அப்புறம் வராதே." விளையாட்டா சொல்லல சார். முப்பத்தோரு வருஷமா அந்தக் குரலை எனக்குத் தெரியும். பயந்துட்டேன்.

ஆனா நினைச்சா போயிட முடியுமா? சுயாட்சி வந்தப்ப எழுதுன எங்க பள்ளிக்கூடச் சாசனத்துல ஒரு விதி இருக்கு. வாரியம் யாரையும் இங்க அனுப்பக் கூடாது. அடுத்த தலைமையாசிரியரை இந்தப் பள்ளிக்கூடமே தேடிப் பிடிக்கிற வரைக்கும் இருக்கறவங்க நகரக் கூடாது. எவ்வளவு முட்டாள்தனமான விதி பாருங்க! உங்களுக்கு முன்னாடி நாலு பேரு வந்தாங்க. தங்கமானவங்க. இதே மாதிரி நானே கூட இருந்து சுத்திக் காட்டினேன், மனசுல உள்ளதை ஒண்ணு விடாம சொன்னேன். நாலு பேரும் ஓடிட்டாங்க. ஏன்னே புரியல எனக்கு!

எங்க போறீங்க? பாத்ரூமா? மேல போய் இடது பக்கம். தண்ணி உறைஞ்சிருக்கும், பாத்து... ஹூம். நல்ல மனுஷன். பொறுமையா கேக்கறாரு. இவரு இருந்துடுவாரு...

யாரு, டோரீனா? ஆபீஸை விட்டுட்டு கீழ வந்துட்ட, வாடி. சாருக்கு பாத்ரூம் கதவு இறுகிக்கிச்சா? ...என்னது? கிளம்பிட்டாரா? கோட்டு மாட்டிக்கிட்டா? கார்ல பனியைக் கூட தட்டலையா! கண்ணாடிப் பனியில ஒரு சின்ன ஓட்டை மட்டும் சுரண்டிக்கிட்டு அது வழியா பாத்தே ஓட்டிட்டுப் போயிட்டாரா... அடப்பாவி.

அப்படிப் பாக்காதடி என்னை. நான் என்ன பொய்யா சொன்னேன்? ...ம்? அந்த விதியை எடுத்துடலாமா? யாரு எடுக்கறது? ...தலைமையாசிரியர் ஒரு கையெழுத்துப் போட்டா போதுமா.

தெரியும்டி. அந்த விதியையே நான்தானே எழுதுனேன். வாரியத்துக்காரன் எவனும் என் நாற்காலியில உக்காந்துடக் கூடாதுன்னு, ஒரு ராத்திரி பூரா உக்காந்து எழுதுனேன். அதை எடுக்கறதுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய தாளு ரெண்டு வருஷமா என் மேஜை டிராயர்லதான் கிடக்கு. தினம் திறந்து பாக்கறேன். பாத்துட்டு மூடிடறேன்.

வாஸில் போன் பண்ணா இதை மட்டும் சொல்லிடாதடி, உனக்குப் புண்ணியமாப் போகும். அஞ்சாவது ஆளும் ஓடிட்டான்னு சொல்லு.