பதினேழு சென்டிமீட்டர் திருட்டு

…இல்லக்கா, திருட்டுன்னா சும்மா வாயால சொல்ற திருட்டு இல்ல. ஈக்குவேஷன் போட்டு, கிராஃப் வரைஞ்சு, தோ அந்தச் செவுத்துல ஒட்டியிருக்கேன் பாருங்க. பதினேழு சென்டிமீட்டர் தண்ணி! பட்டப்பகல்ல! உக்காருங்க, உக்காருங்க… அந்த சேருக்கு ஒரு கால் ஆடும், செவுத்தோரமா சாச்சிக்குங்க. பின்பக்க வூட்ட பாக்கத்தான வந்தீங்க? பாக்கலாம், என்ன அவசரம். வள்ளியம்மா அக்கா பின்னாடி பாத்திரத்தயெல்லாம் தேச்சு மூட்ட கட்டிகினு இருக்காங்க. சத்தம் கேக்குதா? அது குண்டான் தேய்க்கிற சத்தம் இல்ல, எம்மேல இருக்கற கோவத்த தேய்க்கிற சத்தம். மெதுவா பேசணுமா? எதுக்கு? கேட்டா கேக்கட்டுமே. நான் என்ன பொய்யா சொல்றேன்?

எம்பேரு தமிழ்நிலா. இஞ்சினியரிங் மொத வருசம். முன்பக்கம் நாங்க, பின்பக்கம் அவங்க, ரெண்டு வூட்டுக்கும் மேல ஒரே தொட்டி. பழைய தொட்டி, 'தானே'ன்னு ஒரு புயல் வந்துச்சே, அதுல பறந்துபோய் அடுத்த தெரு பூவரச மரத்துல உக்காந்துகினு இருந்துச்சு, அப்புறம் வாங்கிப்போட்டது இது. காலையில ஏழரைக்கு மோட்டார் நிக்கும், திரும்ப சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் போடுவாங்க. நடுவுல காஞ்சா காஞ்சதுதான். சிரிக்காதீங்க, நாளைக்கு நீங்களும் இதே தொட்டிக்கு அண்ணாந்துதான் பாக்கப்போறீங்க.

எல்லாம் எங்க கோபாலகிருஷ்ணன் சாரால ஆரம்பிச்சது. மேத்ஸ். மனுசன் போர்டு பக்கம் திரும்பினாருன்னா பெல் அடிக்கிற வரைக்கும் எங்க மூஞ்சியப் பாக்க மாட்டாரு. நாலு மாசமா அவரு முதுகுகிட்டதான் பாடம் படிக்கிறோம். அன்னிக்கு ஒரு நாள் திரும்பினாரு. திரும்பி என்ன சொன்னாரு தெரியுமா? "பொண்ணுங்க மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிடுவீங்க, டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்னா என்னன்னு கேட்டா முழிப்பீங்க." கிளாஸ்ல பசங்க எல்லாம் சிரிக்கிறானுங்க. பசங்க! அதுல பாதிப் பேருக்கு நோட்டே கெடயாதுக்கா!

நான் எழுந்து நின்னேன். முழிக்கல. "சார், ஒரு பொருள் எங்க இருக்குன்னு இந்தச் சமன்பாடு சொல்லாது, எவ்ளோ வேகமா மாறுதுன்னுதான் சொல்லும். எங்கேர்ந்து கெளம்புச்சுன்னு நாமதான் சொல்லணும், அதுக்குப் பேரு ஆரம்ப நிலை. அத சொன்னாத்தான் ஆயிரம் விடையில நம்ம விடை எதுன்னு தெரியும்"னேன். புரியுதாக்கா? இப்ப ஒரு பஸ்ஸு மணிக்கு நாப்பது கிலோமீட்டர்ல போவுதுன்னு சொன்னா, பஸ் எங்க இருக்குன்னு சொல்லுவீங்களா? மாட்டீங்க. நம்ம வடக்குத்து ஸ்டாப்புல எத்தன மணிக்கு ஏறினீங்கன்னு சொல்லணும். அவ்ளோதான். இதுக்குப் போயி முந்நூறு பக்கத்துல ஒரு புக்கு!

அந்த புக்குல இருக்கற கணக்கப் பாக்கணும் நீங்க. ரேடியம் எவ்ளோ வருசத்துல பாதியாவும், பாக்டீரியா எவ்ளோ நேரத்துல ரெண்டு மடங்காவும்… எங்க ஊர்ல ரேடியம்னா ஹெல்மெட்டுல ஒட்டற ஸ்டிக்கரு. சாரும் விடல. "வீட்டுல மாறிக்கினே இருக்கற ஒரு பொருள எடு, சமன்பாடு எழுது, அளந்து நிரூபி, இன்டர்னல் மார்க்கு போடறேன்"னாரு. பசங்க அத்தன பேரும் ரேடியத்தயே காப்பியடிச்சு குடுத்தானுங்க. வூட்டுல ரேடியம் வெச்சிருக்கானுங்களாம்! நான் தொட்டிய எடுத்தேன்.

நல்லா யோசிச்சுத்தான்க்கா எடுத்தேன். தொட்டி ரொம்பி வழியும்போது நாம எப்படி செலவு பண்றோம்? அள்ளி வீசுறோம். பாதியாச்சுன்னா கொஞ்சம் கை சுருங்கும். அடி மட்டம் வந்துட்டா சொம்பு சொம்பா கணக்குப் பண்ணுவோம். அப்ப தண்ணி கொறையற வேகம் எத பொறுத்து? இருக்கற தண்ணியப் பொறுத்து! டி ஹெச் பை டி டி ஈக்குவல் டு மைனஸ் கே ஹெச். ஹெச்சுன்னா தண்ணி மட்டம், டின்னா நேரம். மொத படி வேகம் மட்டும்தான் இருக்கறதால ஃபர்ஸ்ட் ஆர்டர். வேகத்தோட வேகமும் சேந்து வந்தா செகண்ட் ஆர்டர், அது நமக்கு வேணாம். இந்த கே இருக்கு பாருங்க, அதுதான் ரெண்டு வூட்டுக் கையோட தாராளம். ஸ்டடி லீவு வேற. ஏணி போட்டு, மொட்ட மாடியேறி, நீளமான குச்சிய வுட்டு அளந்தேன். காலையில ஏழரைக்கு நூறு சென்டிமீட்டர். பதினொன்றரைக்கு அம்பது. மூணரைக்கு இருவத்தஞ்சு. நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா பாதி! ஒரு நாள் இல்ல, ஏழு நாளும்! புல்லரிச்சுப் போச்சுக்கா. எங்க வூட்டுத் தொட்டி புக்கப் படிச்சுட்டு எறங்குற மாதிரி எறங்குது!

ரெண்டாவது வாரம்தான் கூத்து. காலையில நூறு, சரி. பதினொன்றரைக்கு அம்பது, சரி. மூணரைக்கு ஏறிப்பாக்கறேன்… எட்டு! இருவத்தஞ்சு இருக்க வேண்டிய எடத்துல எட்டு! மறுநாளும் எட்டு. அதுக்கு மறுநாள் ஏழரை. அப்ப பதினொன்றரைக்கும் மூணரைக்கும் நடுவுல பதினேழு சென்டிமீட்டர் எங்க போச்சு? சொல்லுங்க. எங்கம்மா டவுன்ஷிப்ல ரெண்டு குவார்ட்டர்ஸ்ல வூட்டு வேல பாக்கறாங்க, அஞ்சு மணிக்குத்தான் வருவாங்க. நானா? நான் மத்தியானம் சாப்ட்டா மூணேகால் வரைக்கும் தூங்குவேன். ஸ்டடி லீவுல மத்தியானம் யாருக்கா படிப்பா? வூட்டுல முழிச்சிகினு இருக்கற ஒரே ஆளு வள்ளியக்கா. தொவைக்கிற கல்லும் அவங்க வாசல்லதான் இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்? போலீஸ் நாயே நேரா அங்கதான் போயி நிக்கும்.

கேட்டேன். மொறையாத்தான் கேட்டேன். "ஏன்டி, எம்பொண்ணு பத்தாவது எழுதணும், எம்புருசன் கான்ட்ராக்ட்ல ஒடம்பு நோவ ஒழைச்சுட்டு வராரு, எனக்குத் தண்ணி திருடறதுதான் வேலயா? உன் வூட்டுக் குழாய மொதல்ல பாரு"ன்னாங்க. எங்க வூட்டுக் குழாயையாம்! நாங்க கே-ல ஏற்கெனவே சேத்தாச்சு, அவங்களுக்கு எங்க தெரியுது? கிராஃப ஒட்டினேன். நீலக்கோடு தியரி, செவப்புக்கோடு உண்மை, நடுவுல பென்சில்ல ஷேடு பண்ணி "திருட்டு"ன்னு எழுதினேன். எழுதினதுல கொஞ்சம் பெருசாத்தான் எழுதிட்டேன்.

ஓனர் சங்கரலிங்கம் சார் சேத்தியாத்தோப்புலேர்ந்து வந்தாரு. கண்ணாடிய மாட்டிகினு பத்து நிமிசம் பாத்தாரு. அவருக்குப் புரிஞ்சது கோடு கீழ எறங்குது, அவ்ளோதான். ஆனா டி ஹெச் பை டி டி-ய பாத்ததும் செருப்ப கழட்டிட்டு நின்னாருக்கா, சாமி படம் மாதிரி! "படிச்ச புள்ள கணக்குப் போட்டு சொல்லுது, அப்புறம் என்ன"ன்னு வள்ளியக்கா புருசன் மருதமுத்து அண்ணன கூப்ட்டு, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணுங்கன்னுட்டாரு. நான் காலி பண்ணச் சொல்லல. தண்ணியத்தான் கேட்டேன்… ஆனாலும் அண்ணன் ஒரு வார்த்த எதுத்து கேட்டிருக்கலாம் இல்ல? சும்மா தலைய ஆட்டிட்டு உள்ள போயிட்டாரு. சண்ட போட்டா நானும் சண்ட போட்டிருப்பேன். இப்படி தலைய ஆட்டினா என்னா பண்றது?

இதுல பாருங்க, கிராஃப ஒட்டினதுக்கு அப்புறம், மூணாவது வாரம், மட்டம் கச்சிதமா இருவத்தஞ்சுக்கு வந்துட்டுது! தெனமும்! மாட்டினதும் நிறுத்திட்டாங்க. இதுக்கும் மேல சாட்சி வேணுமா? கோபாலகிருஷ்ணன் சாருகிட்ட குடுத்தா, மனுசன் பாராட்டணும் இல்ல? செவப்பு மையில ஒரே ஒரு கேள்வி எழுதித் தராரு: "மூணு வாரமும் கே ஒண்ணுதானா?" மாறாதுன்னுதான சார் அதுக்கு மாறிலின்னு பேருன்னு சண்ட போட்டுட்டு வந்தேன்.

என்னக்கா? என்ன கேட்டீங்க?

எங்கப்பாவா? அப்பாவுக்கு என்ன? மைன்ஸ்லதான், கான்ட்ராக்ட். கன்வேயர் பக்கம் வேல, கரித்தூள்ல முங்கி எழுந்த மாதிரி வருவாரு. உங்க வூட்டுக்காரரும் மைன்ஸா? அப்ப உங்களுக்கே தெரியும்… எப்ப குளிப்பாருன்னா? வந்ததும்தான். பின்ன, அந்தக் கோலத்துல சாப்பிடவா உக்காருவாரு? அரை மணி நேரம் குளியல். ரெண்டு தடவ சோப்பு போட்டாலும் மூணாவது சொம்புத் தண்ணியும் கறுப்பாத்தான் ஓடும். அப்புறம் அந்த யூனிஃபார்ம ஊற வெச்சு, அலசி, திரும்ப அலசி… எத்தன மணிக்கா? அது ஷிப்ட்ட பொறுத்துக்கா. வாரா வாரம் மாறும், உங்களுக்குத் தெரியாததா. மொத வாரம் நைட் ஷிப்ட், காலையில ஆறேமுக்காலுக்கு வந்து குளிப்பாரு. அப்ப மோட்டார் ஓடிகினு இருக்கும், அவர் ஊத்த ஊத்த தொட்டி ரொம்பிடும், ஏழரைக்கு நான் குச்சிய வுடும்போது நூறு…

ரெண்டாவது வாரம்…

ரெண்டாவது வாரம் பகல் ஷிப்ட். ரெண்டு மணிக்கு முடிஞ்சு ரெண்டரைக்கு வூட்டுக்கு வருவாரு.

இருங்க. நோட்ட எடுக்கறேன். இருங்கக்கா, போயிடாதீங்க… மூணாவது வாரம் செகண்ட் ஷிப்ட், ராத்திரி பத்தரைக்கு வருவாரு. நான் அளக்கற நேரத்துல அவரு குளிக்கவே மாட்டாரு. அதான் இருவத்தஞ்சு. அப்ப… அவங்க நிறுத்தல. அவங்க ஆரம்பிக்கவே இல்ல. அப்பா குளிக்கறப்ப பாத்ரூம்ல தண்ணி சத்தம்… நான் தூங்கிகினு இருந்தேன். கொடியில ஈர யூனிஃபார்ம் சொட்டிகினு இருந்திருக்கும். அதுக்குக் கீழ குனிஞ்சுதான் நான் ஏணி தூக்கிகினு போயிருப்பேன்.

கே மாறிருக்கு. ஷிப்ட்டு மாறினா கே மாறும். ஒரு மைன்ஸ்காரன் பொண்ணு நான், மூணு வாரம் கே-வ ஆணியடிச்சு வெச்சிருக்கேன்…

அக்கா? எங்க கெளம்பிட்டீங்க? வூட்ட பாக்கலியா? பஸ்ஸா? இல்ல, போங்க. நீங்க போறதுதான் நல்லது. யாராவது இந்த வூட்டப் பத்தி கேட்டா காலி இல்லன்னு சொல்லிடுங்க!

…வள்ளியக்கா. அக்கா, அந்த மூட்டய கட்டாதீங்க. கொஞ்சம் இருங்க, ஓனருக்கு போன் போடறேன். ரிங் போவுது… ஹலோ, சார், நான் வடக்குத்துலேர்ந்து தமிழ்நிலா. சார், தண்ணிய யாரும் எடுக்கல. எங்கப்பா குளிச்ச தண்ணி சார் அது. …ஆமா சார், குளிச்சதுதான். …இல்ல சார், யாரும் மெரட்டல, இப்படிச் சொல்லுன்னும் சொல்லல. …சார், "ஈக்குவேஷன் தப்பா சொல்லாது"ன்னா என்ன சார் அர்த்தம்? அத எழுதினதே நான்தான் சார்! அது ஒண்ணும் சொல்லல, நான் சொன்னேன். வள்ளியக்கா திருடினாங்கன்னு நான்தான் சொன்னேன். கோடு மேல ஏறினாலும் எறங்கினாலும் அவங்க எதுக்கு சார் வூட்ட வுட்டுப் போவணும்? …கிழிச்சிட்டேன் சார். இப்பதான். கேட்டுச்சா சத்தம்? …அப்ப அவங்க இங்கியே இருக்கட்டும்னு நீங்க உங்க வாயால அவங்ககிட்ட சொல்லிடுங்க. லைன்ல இருங்க.

அக்கா, இந்தாங்க, ஓனரு. …கையெல்லாம் சாம்பலா? பரவால்ல. நான் உங்க காதுல வெச்சுப் புடிச்சிக்கறேன். நான் ஒண்ணியும் பேசல. நீங்க பேசுங்க.