கேக்காதீங்க, பாருங்க

மாநாட்டுக் குழுவின் தலைவராய், மாலையும் மரியாதையும் ஏற்று மேடையில் வீற்றிருந்தபடியே, "மனோகரா, சுருக்கமாக முடி" என்று எனக்குக் கண்ஜாடை காட்டிக்கொண்டிருக்கும் அண்ணன் திருவேங்கடம் அவர்களே! சேக்காட்டிலிருந்து நடந்தும், பருத்திப்பட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கியும், வேப்பம்பட்டிலிருந்து மின்சார ரயிலில் தொங்கியும் வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே! சமையலை முடித்தும் முடிக்காமலும் ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! மடிக்கணினியை மூட மனமில்லாமல் மடியிலேயே வைத்திருக்கும் மென்பொருள் தம்பிகளே, தங்கைகளே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு கலந்த வணக்கம்.

வருகிற தை மாதம் நம் ஆவடியிலே, மொழிகளின் பன்மையையும் திறந்த அறிவையும் போற்ற ஒரு மாநாடு. அதில் எந்தெந்த அமர்வுகள் இடம்பெற வேண்டும் என்று முடிவெடுக்கத்தான், அது நடக்கப்போகும் இந்தக் கல்யாண மண்டபத்திலேயே கூடியிருக்கிறோம். திறந்த அறிவு என்றால் என்ன? பூட்டில்லாத அறிவு! எவரும் எடுக்கலாம், எவரும் கொடுக்கலாம், எவரும் எவரிடமும் காசு கேட்கக் கூடாது. முன்வரிசையில் இவ்வளவு கைதட்டல் எதற்கு என்று எனக்குத் தெரியும், அந்தக் கடைசிச் சொல்லுக்குத்தான்.

அமர்வு முன்மொழிய எழுதத் தெரிய வேண்டுமா? வேண்டாம் என்றோம். பட்டம் வேண்டுமா? வேண்டாம் என்றோம். "உங்கள் மொழியில் பேசுங்கள், குரலைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்" என்று பெருமை பொங்க அறிவித்தோம். வீட்டில் தெலுங்கு பேசும் அம்மா அனுப்பினார். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் உழைக்கும் ஒடியா நண்பர் அனுப்பினார். ஆட்டோ ஓட்டும் எத்திராஜ், "இன்னாபா, எங்க பேச்சுக்கு எடம் கீதா, இல்லியா?" என்று அனுப்பினார். கீது அண்ணாத்தே, தாராளமாகக் கீது!

யாரது பின்னாலே? "கேக்கலபா, கேக்கல!" என்று இத்தனை கூச்சல்? பாண்டியா, மைக்கைக் கொஞ்சம் பாரப்பா. இப்போது கேட்கிறதா? நல்லது. அரை நிமிடம் கேட்காததற்கே இவ்வளவு கோபம் வருகிறதே, அந்தக் கோபத்தைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது தேவைப்படும்.

சேக்காட்டுச் சகோதரி சுரேகா. எஸ்டேட்டில் அட்டைப்பெட்டி கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை. அவரும் ஒரு வீடியோ அனுப்பினார். நம் தன்னார்வலர் தம்பி லோகேஷ் அதைத் திறந்தார். சத்தமே இல்லை. "அக்கா, குரல் பதிவாகவில்லை, மறுபடியும் அனுப்புங்கள்" என்று பணிவோடு பதில் போட்டார். மறுபடியும் வந்தது. மறுபடியும் மௌனம். "மைக் பக்கத்துல வாயை வெச்சுப் பேசுங்கக்கா" என்று பாடமே நடத்தினார். மூன்றாம் முறையும் அதே வீடியோ வந்தது. அதன் கீழே இரண்டே சொற்கள்: "கேக்காதீங்க, பாருங்க."

அப்போதுதான் லோகேஷ் பார்த்தார். அந்தப் பெண் படபடவென்று சைகையில் பேசிக்கொண்டிருந்தார். பிறவியிலேயே காது கேளாதவர் சுரேகா. எல்லா மொழிக்கும் கதவைத் திறந்துவிட்டோம் என்று மார்தட்டினோமே, குரலே இல்லாத மொழி ஒன்று நம் ஊரில் வாழ்வதை நினைத்தோமா? பிழை லோகேஷ் மேல் இல்லை ஐயா, குரல் குரல் என்று அறிவிப்பு எழுதிய குழுவின் மேல்.

வெட்கத்தோடு சேக்காட்டுக்கு ஓடினார் தம்பி. சுரேகா வேலைக்குப் போயிருந்தார்; கதவைத் திறந்தவர் அவர் தாய் கன்னியம்மாள். செல்போனைக் காட்டி, "இதுல அக்கா என்ன சொல்றாங்கம்மா?" என்று கேட்டார். அந்த அம்மாள் முழுவதும் பார்த்தார். பிறகு சொன்னார்:

"எனக்கு மட்டும் இன்னா தெரியும் நைனா? துன்னியா, தூங்கு, பத்திரமா போய்ட்டு வா. அத்தோட சரி. மீதி அது மனசுல இன்னா கீதுன்னு இன்னிய வரிக்கும் எனக்குத் தெரியாது."

தாய்மார்களே, லோகேஷ் வந்து என்னிடம் சொன்னது இது. ஒரே வீடு, ஒரே சோறு, பெற்ற மகள், ஆனாலும் மூன்றே சைகைகள்! இதைவிட ஒரு தாய்க்கு வேறென்ன தவிப்பு வேண்டும்?

சுரேகாவோடு ஒரே மேசையில் வேலை செய்யும் வர்ஷா, அவரிடமே சைகை கற்ற பெண், வந்து அந்த வீடியோவில் இருந்ததைச் சொன்னார். காது கேளாத பிள்ளைகளின் வீட்டாருக்குச் சைகை மொழி சொல்லித்தர ஓர் அமர்வு வேண்டுமாம். அங்கே காட்டும் ஒவ்வொரு சைகையையும் படம் பிடித்து, இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டுமாம். கடைசியாக ஒன்று. வர்ஷா சொன்னபடியே சொல்கிறேன்: "எங்கம்மா முன்னாடி வந்து குந்தணும். நான் கோவப்பட்டா, ஏன் கோவப்பட்டேன்னு அதுக்குத் தெரியணும்."

கேட்டீர்களா? பாசம் தெரிய வேண்டும் என்று கேட்கவில்லை, கோபம் தெரிய வேண்டும் என்கிறார்! முழு மனுஷியாகத் தாயிடம் பேச ஆசைப்படுகிறார்.

குழுவில் ஆட்சேபம் எழுந்தது. விதிப்படி குரல் பதிவோ எழுத்தோ வேண்டும், இன்று மாலையோடு கெடு முடிகிறது என்றார்கள். வேண்டுமானால் வண்டி நிறுத்தும் இடத்துப் பக்கம் சின்ன அறையில் ஓரமாக வைக்கலாமே என்றும் ஒருவர் சொன்னார். ஓரமாகவா? மொழி மாநாட்டில் ஒரு மொழிக்கு ஓரமா? சைகையும் மொழியா என்று கேட்கிறார்கள். அதில் கேள்வி கேட்க முடியாதா? கேலி செய்ய முடியாதா? காதலிக்க முடியாதா? வீட்டு வாடகைக்கு வாதாட முடியாதா? முடியும் என்கிறார் வர்ஷா, மதிய இடைவேளையில் இவர்கள் அடிக்கும் அரட்டையில் சாப்பாடே ஆறிப்போகிறதாம்! பின்வரிசைத் தம்பிகளே, நீங்கள் பட்ட கோபத்தை இப்போது எடுங்கள். உங்களுக்கு அரை நிமிடம். அவருக்கு ஆயுள் முழுவதும்.

ஆகவே முன்மொழிகிறேன். விதியை மாற்றுவோம். முதல் நாள், முதல் அமர்வு, இதே பெரிய அரங்கம், சகோதரி சுரேகாவுக்கு! ஏற்பவர்கள் வாயால் கத்த வேண்டாம், கையைத் தூக்குங்கள். கை என்றதும் தேர்தல் ஞாபகம் வந்து சிரிப்பவர்களும் தூக்கலாம்.

வர்ஷா, மூன்றாவது வரிசையில் உன் பக்கத்தில் இருக்கும் சுரேகாவை எழுந்து திரும்பிப் பார்க்கச் சொல்லம்மா. பார்க்கட்டும். இந்த மண்டபம் அவருக்குச் சொல்லும் பதிலை முழுவதும் பார்க்கட்டும்.

கன்னியம்மா, ஒருவருக்கு ஒரு ஓட்டுதானே, நீங்கள் ஏன் இரண்டு கையையும் தூக்கியிருக்கிறீர்கள்? என்ன சொல்கிறார்? "ரெண்டும் எம் பொண்ணுக்குத்தான்" என்கிறார்! செல்லும் அம்மா, இரண்டும் செல்லும். இதோ, தலைவர் அண்ணனும் தூக்கிவிட்டார். தீர்மானம் நிறைவேறியது.

நன்றி என்று நான் வாயால் சொன்னால், யாருக்காகச் சொல்கிறேனோ அவருக்கே அது போய்ச் சேராது. வர்ஷா காட்டித் தந்தபடி, விரல்நுனியை மோவாயில் தொட்டு உங்கள் பக்கம் நீட்டுகிறேன். வணக்கத்துக்கு நாம் புதிதாக ஒன்றும் படிக்க வேண்டாம். பேச்சு வருவதற்கு முன்பே நம்மைப் பெற்றவர்கள் நம் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்த சைகை அது. எல்லோரும் எழுந்து நில்லுங்கள், சுரேகாவைப் பார்த்துக் கைகூப்புங்கள்.

பாண்டியா, மைக்கை நிறுத்திவிடப்பா.