புதன்கிழமை மீட்டிங்

— மறுபடியும் வந்து உக்காந்துட்டீங்களா இன்னாசி அண்ணே? ஒங்க வீட்டு அக்காவ ஆவூர்ல அடக்கம் பண்ணி மூணு மாசம் ஆச்சு. இன்னும் எதுக்கு இந்த ஆஸ்பத்திரி பெஞ்சு?

— புதன்கிழமையாச்சே பிளெஸ்ஸி சிஸ்டர். விடிஞ்சா காலு தன்னால புதுக்கோட்டை பஸ்ஸுல ஏறிருது. நிக்காதீங்க, உக்காருங்க. இங்கிட்டு வேணாம், அங்கிட்டு. இங்கிட்டு அவ இருக்கா.

— என்னண்ணே நீங்க, இப்புடிப் பேசுறீங்க.

— அட விடுங்க. உள்ள மீட்டிங் ஆரம்பிச்சாச்சா?

— வந்துக்கிட்டிருக்காங்க. ஆபரேஷன் டாக்டர், கரண்ட் வைக்கிற டாக்டர், கீமோ டாக்டர், ஸ்கேன் பாக்குறவரு, சதை டெஸ்ட் பாக்குற மேடம். அஞ்சு பேரும் கலந்து பேசினாத்தான் கேன்சருக்கு வைத்தியமே ஆரம்பிக்கும். அண்ணே, ஒங்கட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம எனக்குச் சோறு எறங்கல.

— சொல்லுங்க.

— போன வாரம் பழைய ஃபைலெல்லாம் அடுக்கினேன். சொர்ணம், கறம்பக்குடின்னு ஒரு ஃபைல். உள்ள ஸ்கேன் மட்டும் இருக்கு, சதை டெஸ்ட் இல்ல. பொறந்த தேதியப் பாத்தேன். நம்ம அந்தோணிமேரி அக்கா தேதி. கல்யாணத்துக்கு முன்னாடி அக்கா பேரு சொர்ணமாண்ணே?

— ஆமா. ஆவூர் கோயில்ல ஞானஸ்நானம் வாங்கித்தான் அந்தோணிமேரி. எங்க இன்சூரன்ஸ் கார்டு அப்ப வந்து சேரல. அவ அப்பன் வீட்டுக் கார்டுல பழைய பேரு இருந்துச்சு. ஸ்கேன மட்டும் அதுல எடுத்தோம்.

— அந்தோணிமேரிக்கு ஸ்கேன் இல்லன்னு தள்ளி வச்சாங்க. சொர்ணத்துக்குச் சதை டெஸ்ட் இல்லன்னு தள்ளி வச்சாங்க. ரெண்டு ஃபைலும் ஒரே மேசையில ஆறு புதன்கிழமை கெடந்துச்சுண்ணே. அதுக்குள்ள ஈரலுக்குப் பரவிருச்சு. மேசையில கொண்டுபோயி வச்சது நான். பாவி நான்.

— டாக்டருங்க ஒருத்தரும் கேக்கலையா?

— ஒவ்வொருத்தரும் இன்னொருத்தரு கேட்டிருப்பாருன்னு இருந்துட்டாங்க. ஸ்கேன் எங்கன்னு நான் ஒங்களக் கேட்டேனேண்ணே. எடுத்தாச்சு, வந்துரும்னீங்க.

— சொன்னேன். ஒருத்திக்கு ரெண்டு பேருன்னு தெரிஞ்சா ரெண்டு கார்டையும் புடுங்கிருவாங்கன்னு பயம். இத்தன டாக்டருங்க ஒண்ணா உக்காந்து பாக்குறாங்க, அவங்களுக்குத் தெரியாததான்னு இருந்துட்டேன்.

— இல்லண்ணே, நான் இன்னும் தேடியிருக்கணும். சொர்ணம், சொர்ணம்னு இந்த வராண்டாவுல எத்தன தடவ கத்தினேன். சத்தியமாக் கத்தினேன். ஆளு வரலன்னு எழுதிட்டு உள்ள போயிட்டேன். இப்ப யாரக் கூப்பிட வாயத் தொறந்தாலும் அந்தப் பேருதான் வருது. அக்கா இந்த பெஞ்சுலதான இருந்தாங்க? அவங்க பேருதான? காதுல விழுகவே இல்லையா?

— விழுந்துச்சு சிஸ்டர். மூணாவது புதன்கிழமை எந்திரிச்சுட்டா. கையப் புடிச்சு உக்கார வச்சது நான்தான்.